கல்லீரல் மாத்தின பிறகு வந்த சுகர்: உங்க வீட்ல நடந்ததையும் சொல்லுங்க

வைகைக்கரைப் பொண்ணு:

லிவர் ட்ரான்ஸ்பிளான்ட் ஆனவங்களுக்கு சுகர் வந்துருச்சுன்னா சுத்தி இருக்கவங்க மொதல்ல கேக்குறது "வாயைக் கட்டலையா"ன்னுதான். எங்க அப்பாவைப் பாக்க வந்தவங்க ஆளாளுக்கு இதையே கேட்டு, பத்தியம் பாத்துப் பாத்து சமைச்ச எங்க அம்மா அடுப்படியில போய் அழுதிருக்காங்க. இனி எந்த வீட்லயும் அப்படி ஒருத்தர் அழக்கூடாதுன்னுதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

அப்பாவுக்கு ஹெபடைடிஸ் சி, ரத்தம் வழியா வந்து லிவரைக் கெடுக்குற வைரஸ். தொண்ணூறுகள்ல ஒரு ஆக்சிடென்ட்ல ரத்தம் ஏத்துனாங்க. அந்த வைரஸைக் கண்டுபிடிச்சதே 1989லதான், அப்பல்லாம் நம்ம ஊர்ல ஏத்துற ரத்தத்துல அதை டெஸ்ட் பண்ணணும்னு கட்டாயம் இல்ல. ரொம்ப வருஷம் ஒரு தொந்தரவும் இல்லாம இருந்துட்டு திடீர்னு வயிறு வீங்கி ரத்தமா வாந்தி எடுத்தப்பதான் சிரோசிஸ்னு, அதாவது லிவர் தழும்பாகி சுருங்கிப் போச்சுன்னு தெரிஞ்சுது. தம்பி தன் லிவர்ல ஒரு பகுதியைக் குடுத்தான், ரெண்டு பேரும் நல்லபடியா வீடு வந்து சேந்தாங்க.

ஆபரேஷன் முடிஞ்ச கையோட சுகர் ஏறுறது அனேகமா எல்லாருக்கும் நடக்குறதுதானாம், தியேட்டர்லயே ஸ்டீராய்டு அதிகமா போகும், உடம்பும் அப்ப படாத பாடு படும். அதனால அதை வச்சு உடனே சர்க்கரை நோய்னு முத்திரை குத்த மாட்டாங்க, கொஞ்சம் செட்டில் ஆகி மருந்து அளவெல்லாம் குறைஞ்ச பிறகும் இறங்கலைன்னாதான் சொல்வாங்க. அப்பாவுக்கு இறங்கல.

ஏன்னு டாக்டர் உக்காத்தி வச்சு பொறுமையா சொன்னார். உடம்பு புது லிவரைத் தள்ளிவிடாம இருக்க குடுக்குற டாக்ரோலிமஸ், கணையத்துல இன்சுலின் சுரக்குற செல்லை மந்தமாக்கிடும். கூடவே ஸ்டீராய்டு, அது சுரந்த இன்சுலினையும் ஒழுங்கா வேலை செய்ய விடாது. மூணாவது அந்த சி வைரஸேதான். ரத்தத்துல வைரஸ் இருக்கும்போது மாத்தினா புது லிவருக்கும் அது வந்துரும், வந்து இன்சுலின் வேலையைக் கெடுக்கும். அதான் மத்த காரணத்துக்கு லிவர் மாத்துறவங்களை விட சி இருக்கவங்களுக்கு சுகர் வர வாய்ப்பு கூடுதல். இதுல எங்க அம்மா போட்ட சாப்பாடு எங்க வருது சொல்லுங்க.

இன்னொன்னு முக்கியமா சொல்லணும், நேரம். காலைல வெறும் வயித்துல பாத்தா 98, 100னுதான் காட்டும், நாங்களும் நல்லாதான் இருக்குன்னு நினைப்போம். காலைல போடுற ப்ரெட்னிசலோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரையோட வேகம் மத்தியானத்துக்கு மேலதான் தெரியும், மதியம் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு குத்திப் பாத்தா 270, 280. சாயங்காலமும் அப்படியே நிக்கும், ராத்திரி தானா இறங்கிடும். மூணு மாச சராசரின்னு பாக்குற ஹெச்பிஏ1சி கூட 5.4தான் வந்துச்சு, ஆனா அப்பாவுக்கு ரத்த சோகை, புதுசா ரத்தமும் ஏத்திருந்தாங்க, அந்த மாதிரி சமயத்துல அந்த நம்பரை நம்பக்கூடாதுன்னு டாக்டரே சொல்லிட்டார்.

அப்புறம் வைரஸுக்கு சோஃபோஸ்புவிர், டக்ளாடாஸ்விர், கூட ரிபாவிரின் குடுத்தாங்க. (ரிபாவிரின் ரத்தத்தைக் குறைக்கும், அப்பவும் ஹெச்பிஏ1சி கம்மியாதான் காட்டும்.) வைரஸ் சுத்தமா போயிடுச்சு. இன்சுலின் யூனிட்டும் பாதிக்கு மேல குறைஞ்சுது, ஆனா அதே சமயத்துல ஸ்டீராய்டையும் குறைச்சிட்டு வந்தாங்க, அதனால எது காரணம்னு பிரிச்சு சொல்ல முடியல. சுகர் முழுசா போகல, கட்டுக்குள்ள இருக்கு.

காவேரிக்கரை:

தங்கச்சி, உங்க அம்மாவை நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு. நான் பேஷண்டே தான், எனக்கு ஹெபடைடிஸ் பி. ட்ரான்ஸ்பிளான்ட்டுக்கு முன்னாடி சுகரே கிடையாது. பி வைரஸுக்கும் சுகருக்கும் சி அளவுக்கு நேரடி சம்பந்தம் இல்லைன்னாங்க, ஆனா என் அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் சுகர், வயசு 50 தாண்டிருச்சு, அது போக டாக்ரோலிமஸ். இன்னொன்னு யாரும் யோசிக்காதது, பசி. சிரோசிஸ்ல வருஷக்கணக்கா சாப்பாடே இறங்காம இருந்தவனுக்கு திடீர்னு பசி திரும்ப வந்தா வீட்ல சந்தோஷத்துல ஊட்டி விடாத குறைதான், எடை சரசரன்னு ஏறிடுச்சு, தொப்பைல ஏறுற எடை சுகரைக் கூட்டாம விடாது.

எனக்கு தாகமும் ராத்திரி அடிக்கடி யூரின் போறதும்தான் அறிகுறி. டாக்டர் டாக்ரோலிமஸ் அளவை குறைச்சு, உடம்பு லிவரைத் தள்ளாம இருக்க குடுக்குற இன்னொரு மருந்தான மைக்கோஃபினோலேட் சேத்தாங்க, ஸ்டீராய்டை நிறுத்தியாச்சு, இப்ப சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும்தான். பி-க்கான என்டெகாவிர் தினமும் போடுறேன், அது ஆயுசுக்கும் வேணும். சுகர் ஏறுதுன்னு பயந்து டாக்ரோலிமஸை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க, தயவுசெஞ்சு. லிவரே போயிடும்.

மலைக்கோட்டை வாசி:

அக்கா, அண்ணா, ரெண்டு பேருக்கும் நன்றி. என் வீட்டுக்காரருக்கு சி-க்காக போன வருஷம் மாத்துனாங்க. இப்ப மதியம் 240 வருது. மாமியார் ஆவாரம்பூ கஷாயம், பாகற்காய் ஜூஸ்லாம் குடுக்கலாம்னு சொல்றாங்க, எனக்கு பயமா இருக்கு, வேணாம்னா கோவிச்சுக்குவாங்க.

வைகைக்கரைப் பொண்ணு:

பயப்படுறது சரிதான்மா. மூலிகை எதுவா இருந்தாலும் ட்ரான்ஸ்பிளான்ட் டாக்டர்கிட்ட கேக்காம வாயில வைக்க வேணாம், ரத்தத்துல டாக்ரோலிமஸ் அளவை எது ஏத்தும் எது இறக்கும்னு நமக்கு வெளிய இருந்து தெரியாது. பழத்துலயே பம்ளிமாஸும் கிரேப்ஃப்ரூட்டும் அந்த அளவை ஏத்திவிட்டுரும்னு எங்களுக்கு டிஸ்சார்ஜ் அன்னைக்கே சொல்லி அனுப்புனாங்க, அளவு ஏறினா கிட்னிக்கும் கெடுதல், சுகரும் கூடும். மாமியாரை அடுத்த ரிவ்யூக்கு கூடவே கூட்டிட்டு போங்க, டாக்டர் வாயால கேட்டா ஏத்துப்பாங்க, எங்க பாட்டி அப்படித்தான் ஏத்துக்கிட்டாங்க.

மதியம், சாயங்காலம் பாக்குற ரீடிங்கை தேதி, நேரம், என்ன சாப்பிட்டாருன்னு நோட்ல எழுதி கொண்டு போங்க. டாக்ரோலிமஸ் லெவலுக்கு ரத்தம் குடுக்குற அன்னைக்கு காலை டோஸை ரத்தம் குடுத்த பிறகுதான் போடணும், மாத்திரையைக் கையோட எடுத்துட்டு போங்க. வைரஸ் மருந்து முடிஞ்சிருச்சா இன்னும் இல்லையான்னு நீங்க சொல்லலையே? முடியலைன்னா அதையும் அன்னைக்கே கேளுங்க. காசுதான் தடைன்னா, 2018ல ஆரம்பிச்ச தேசிய வைரல் ஹெபடைடிஸ் திட்டத்துல அரசு ஆஸ்பத்திரியில சி மருந்து இலவசம், அங்க விசாரிங்க. 240ஐ அடுத்த ரிவ்யூ வரைக்கும் வச்சிருக்க வேணாம், நாளைக்கே ஆஸ்பத்திரி ட்ரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டருக்கு போன் பண்ணிடுங்க.