தாத்தாவின் இரண்டாம் உலகப் போர் இராணுவப் பதிவை எங்கே தேடுவது?

பொகவந்தலாவை பேரன்:
வணக்கம். என் தாத்தா, அம்மாவின் அப்பா, இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்தில் இருந்தவர். 1983இல் தோட்டத்திலேயே காலமானார். "பர்மா சண்டைக்குப் போனவர்" என்பது மட்டும்தான் வீட்டில் தெரியும். எந்தப் படை, எப்போது சேர்ந்தார், என்ன வேலை பார்த்தார், எதுவும் தெரியாது. கையில் இருப்பது ஆறு முனை நட்சத்திரம் ஒன்று, வட்டப் பதக்கம் ஒன்று, யூனிபோர்மில் எடுத்த போட்டோ ஒன்று. வட்டப் பதக்கத்தில் ஒரு பக்கம் ராஜாவின் தலை, மறுபக்கம் சிங்கம். நாடா இற்றுப்போய்விட்டது. கொழும்பு இராணுவத் தலைமையகத்துக்கு எழுதுவதா, லண்டனுக்கு எழுதுவதா? பிழையான இடத்துக்கு எழுதி மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது என்றுதான் கேட்கிறேன்.

பதக்கப்பெட்டி:
இப்போதைக்கு எங்கும் எழுத வேண்டாம் தம்பி. முதலில் எந்தப் படை என்று கண்டுபிடியுங்கள். இன்றைய இலங்கை இராணுவம் 1949 ஒக்டோபர் 10இல்தான் தொடங்கியது. அதற்கு முன் இலங்கையிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர் சிலோன் பாதுகாப்புப் படையில் இருந்திருக்கலாம், நேரடியாக பிரிட்டிஷ் இராணுவத்தில் சேர்ந்திருக்கலாம், கடற்படைத் தொண்டர் பிரிவில் இருந்திருக்கலாம், இந்தியாவிலுள்ள பூர்வீக ஊருக்குப் போய் பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தில் சேர்ந்திருக்கலாம். இவற்றின் பதிவுகள் ஒரே இடத்தில் இல்லை.

பதக்கமே வழி சொல்லும். நீங்கள் சொல்லும் வட்டப் பதக்கம் 1939–45 போர்ப் பதக்கம். சிங்கத்தின் காலடியில் இரண்டு தலை டிராகன் கிடக்கும். 28 நாள் முழுநேரச் சேவை செய்த எவருக்கும் அது கிடைத்தது. ஆகவே எந்தப் படை என்பதை அதன் முகத்தில் தேடாதீர்கள், விளிம்பில் தேடுங்கள். பிரிட்டிஷ் இராணுவம் இந்தப் பதக்கங்களைப் பெயர் பொறிக்காமல் வெறுமையாகத்தான் கொடுத்தது. இந்திய இராணுவம் இலக்கம், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாவற்றையும் பொறித்துக் கொடுத்தது. வட்டப் பதக்கத்தில் அது விளிம்பைச் சுற்றியும், நட்சத்திரத்தில் பின்பக்கத்திலும் இருக்கும்.

தயவுசெய்து புளி போட்டோ பிராஸோ போட்டோ துலக்காதீர்கள். அந்த எழுத்துகள் ஆழமில்லாதவை, நாலு தரம் தேய்த்தால் போய்விடும். ஏற்கெனவே மங்கியிருந்தால் இருட்டறையில் டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்து, பதக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றிப் படமெடுங்கள். அல்லது மெல்லிய தாளை விளிம்பில் சுற்றி, பென்சிலைப் படுக்கவைத்து லேசாக உரசுங்கள். நட்சத்திரத்தின் நடுவிலும் வளையமாக எழுத்து இருக்கும், அதையும் எழுதி அனுப்புங்கள்.

போட்டோவில் தொப்பி பட்ஜும் தோள்பட்டை உலோக எழுத்தும்தான் முக்கியம். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தையும் விடாதீர்கள், ஸ்டூடியோ முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்கக்கூடும்.

பொகவந்தலாவை பேரன்:
பார்த்துவிட்டேன். நட்சத்திரத்தின் நடுவில் பர்மா ஸ்டார் என்று இருக்கிறது. வட்டப் பதக்கத்தின் விளிம்பில் ஐந்து இலக்க நம்பர், பிறகு எஸ்.பி.ஆர்., பிறகு பெயர், கடைசியில் ஐ.இ. பெயர் மட்டும் நாங்கள் எழுதும் மாதிரி இல்லை, இரண்டு எழுத்து வேறாக இருக்கிறது.

பதக்கப்பெட்டி:
அப்படியானால் கேள்வியே இல்லை, இந்திய இராணுவம். எஸ்.பி.ஆர். என்றால் சாப்பர். பாலம், பாதை, கண்ணிவெடி வேலை பார்க்கும் பொறியியல் படை வீரருக்குரிய பதவி. ஐ.இ. என்றால் இந்தியன் எஞ்சினியர்ஸ். அதற்கு மெட்ராஸ், வங்காளம், பம்பாய் என்று மூன்று பிரிவுகள் இருந்தன. மையங்கள் முறையே பெங்களூர், ரூர்க்கி, கிர்க்கி. தமிழர் என்பதால் பெங்களூரில் தொடங்குவதுதான் சரி. அங்கே இன்றும் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பின் மையமும் அதன் பதிவேட்டு அலுவலகமும் இயங்குகின்றன. லண்டனுக்கு எழுதினால் பலனில்லை. இந்திய இராணுவத்தின் பிரிட்டிஷ் அதிகாரிகள் பற்றிய ஆவணங்கள்தான் அங்கே கணிசமாக உண்டு, சாதாரணச் சிப்பாய்களின் சேவைக் கோப்புகள் இந்தியாவிலேயே தங்கிவிட்டன.

பர்மா ஸ்டாரை வைத்து அவர் பர்மாவுக்குள் போனார் என்று முடிவு கட்டாதீர்கள். 1942 மே 1க்குப் பிறகு வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் பணியாற்றியவர்களுக்கும் அது உண்டு.

பெயர் எழுத்து மாறுவது சாதாரணம். ராமசாமி என்ற ஒரே பெயரை எழுதுவினைஞர்கள் பல விதமாக எழுதினார்கள். விளிம்பில் உள்ளபடியே விண்ணப்பத்தில் எழுதுங்கள், திருத்தாதீர்கள். அவர்கள் முதலில் தேடுவது இலக்கத்தை வைத்துத்தான்.

ஹட்டன் சுவடி:
இலங்கைப் பக்க ஆவணங்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

தாத்தாவின் இந்திய ஊர் கட்டாயம் வேண்டும். இந்திய இராணுவப் பதிவில் கிராமம், தபால் நிலையம், தாலுகா, மாவட்டம் என்றுதான் முகவரி இருக்கும். லயத்திலிருந்து போனவராக இருந்தாலும் அங்கே பூர்வீக ஊரைத்தான் சொல்லியிருப்பார். 1939 ஓகஸ்டிலிருந்து தொழிலாளர் இலங்கைக்கு வருவதை இந்திய அரசு தடைசெய்தது. அந்தச் சமயத்தில் ஊருக்குப் போனவர்கள் திரும்ப முடியாமல் அங்கேயே பட்டாளத்தில் சேர்ந்திருக்க இடமுண்டு. மாவட்டப் பெயரை அன்றைய பெயராகவே எழுதுங்கள். இன்று பெரம்பலூர் மாவட்டம் என்பது அன்று திருச்சினாப்பள்ளி.

ஊர் தெரியாவிட்டால் பிரஜாவுரிமைக் காகிதங்களைத் தேடுங்கள். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள், 1946 ஜனவரி 1க்கு முன் எத்தனை வருடம் இங்கே தொடர்ந்து இருந்தோம் என்று காட்ட வேண்டியிருந்தது. குடும்பம் உள்ளவருக்கு 7 வருடம், மற்றவருக்கு 10. இடையில் நாட்டைவிட்டுப் போயிருந்தால் காரணமும் சொல்ல வேண்டும். போருக்குப் போனவரின் கோப்பில் பட்டாளத்திலிருந்து விலகிய சான்றிதழின் பிரதி கிடைக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தின் கடிதமாக இருந்தாலும் வீசிவிடாதீர்கள், அதில்தான் ஊர்ப் பெயர் இருக்கும். பழைய இந்திய பாஸ்போட் யார் வீட்டிலாவது இருந்தால் அதையும் பாருங்கள்.

அடுத்தது உறவு நிரூபணம். தாத்தாவின் மரணச் சான்றிதழ், அம்மாவின் பிறப்புச் சான்றிதழ், உங்களுடையது, மூன்றையும் பிரதேச செயலகத்தில் சான்றுப்படுத்திய பிரதியாக எடுங்கள். தோட்டத்துப் பதிவுகளில் இங்கேதான் பெரும்பாலும் சிக்கும். மரணச் சான்றிதழில் செக்ரோல் (தோட்டத்து வேலைப் பதிவேடு) பெயர், அம்மாவின் சான்றிதழில் வீட்டுப் பெயர், பதக்கத்தில் மூன்றாவது பெயர் என்று இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடித்து இணைத்துவிடுங்கள். கேட்டபிறகு கொடுக்கலாம் என்று விட்டால் கடிதம் போய்வருவதிலேயே காலம் போய்விடும். சிங்களத்திலோ தமிழிலோ உள்ள சான்றிதழ்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

கோத்தகிரி மாமா:
மாப்பிள்ளை, நேர்வழியில் கடிதம் எழுதிப் பதில் வராவிட்டால் இந்தியத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்தான். இலங்கைப் பாஸ்போட்டோடு நீங்கள் கேட்டால் அந்தக் காரணத்துக்காகவே திருப்பிவிடலாம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, இங்கே நீலகிரிக்கோ வால்பாறைக்கோ வந்த சொந்தக்காரர் ஒருவராவது உங்களுக்கு இருப்பார். தாத்தாவின் மகனோ, பேரனோ, தம்பி பிள்ளையோ, யாராக இருந்தாலும் அவர் பெயரில் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், போஸ்டல் ஆர்டராகக் கட்டலாம், இணையத்திலும் கட்டலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

"தாத்தாவைப் பற்றிய எல்லா விவரமும்" என்று கேட்காதீர்கள். சேர்ந்த தேதி, சேர்ந்த இடம், விலகிய தேதி, விலகிய காரணம், பணியாற்றிய கம்பெனி என்று தனித்தனியாகக் கேளுங்கள். மொத்தமாகக் கேட்டால் மொத்தமாகவே "கிடைக்கவில்லை" என்று வரும்.

வட்டவளை:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் பெரிய தாத்தா போரிலிருந்து திரும்பி வரவே இல்லை. பதக்கம் எதுவும் இல்லை. எங்கே தேடுவது?

பதக்கப்பெட்டி:
பணியில் இறந்தவர் என்றால் உங்கள் வேலை சுலபம் அம்மா. பொதுநலவாய போர்க் கல்லறை ஆணைக்குழுவின் இணையப் பட்டியலில் இலவசமாகத் தேடலாம். 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசெம்பர் 31 வரை இறந்த படையினர் அதில் இருக்கிறார்கள். முழுப் பெயரையும் போடாமல் முதல் நாலைந்து எழுத்தை மட்டும் போட்டு, இந்திய இராணுவம் என்று வடிகட்டுங்கள். தகப்பன் பெயரும் ஊரும் பல பதிவுகளில் இருக்கும், அதை வைத்து உறுதிசெய்யலாம். பர்மாவில் இறந்து கல்லறை தெரியாதவர்களின் பெயர்கள் ரங்கூனுக்கு வடக்கே தாவ்க்யான் மயானத்தில் உள்ள ரங்கூன் நினைவுத்தூணில் இருக்கின்றன, ஏறத்தாழ 27,000 பேர். எரியூட்டப்பட்டவர்களுக்கு அதே இடத்தில் தனி நினைவுச் சின்னம் உண்டு, இந்துக்களின் பெயரை அதிலும் பாருங்கள்.

கண்டியில் தேடுவதானால் கண்டி போர் மயானத்துக்குப் போங்கள். அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய பிரிட்டிஷ் கெரிசன் கல்லறை 19ஆம் நூற்றாண்டுக்குரியது, இதற்குச் சம்பந்தமில்லை.

பொகவந்தலாவை பேரன்:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஊர் துறையூர்ப் பக்கம் என்று பெரியம்மா சொல்கிறார். கோத்தகிரியில் அம்மாவின் தம்பி இருக்கிறார், அவர் பெயரிலேயே போடுகிறோம். ஒரு கேள்வி மட்டும்: கோப்பை அழித்துவிட்டோம் என்று பதில் வந்தால்?

கோத்தகிரி மாமா:
வரக்கூடிய பதில்தான். பென்ஷன் இல்லாமல் விலகியவர்களின் சேவைக் கோப்பை 25 வருடம் வைத்திருந்து அழிப்பது அவர்கள் விதி. போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பலருக்குப் பென்ஷன் கிடையாது. ஆனால் அழிக்கப்படுவது ஷீட் ரோல் என்ற தனிக் கோப்பு. லாங் ரோல் என்று ஒரு பேரேடு தனியாக இருக்கிறது. ஆளுக்கு ஒரு வரியாக இலக்கம், பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, காரணம் எழுதியிருப்பார்கள். அதை அழிப்பதில்லை. எனவே முதல் விண்ணப்பத்திலேயே "ஷீட் ரோல் இல்லாவிட்டால் லாங் ரோலில் உள்ள பதிவின் சான்றுப்படுத்திய நகல்" என்று எழுதச் சொல்லுங்கள். அந்தச் சொல்லைப் போடாவிட்டால் தாமாக எடுத்துத் தரமாட்டார்கள்.

பதக்க விளிம்பின் படத்தையும் இணையுங்கள். பெங்களூரில் இல்லை என்றால் ரூர்க்கிக்கும் கிர்க்கிக்கும் அதே விண்ணப்பத்தை அனுப்புங்கள். அசல் பதக்கத்தையோ அசல் சான்றிதழையோ தபாலில் அனுப்பவே வேண்டாம். யார் கேட்டாலும் பிரதி மட்டும், ரசீது கிடைக்கும் தபாலில்.