நாஸ் ஷேர் மவுன்ட் ஆகிறது, சின்ன ஃபைல் போகிறது, விஎம் பேக்கப் மட்டும் நின்றுவிடுகிறது

நள்ளிரவு_அட்மின்:
எல்லோருக்கும் வணக்கம். ப்ராக்ஸ்மாக்ஸ் 8 (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) ஓடும் ஒரே சர்வர், அதில் நான்கு விஎம், அதாவது மெய்நிகர் கணினி. பேக்கப் எல்லாம் எஸ்எம்பி (நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறை) ஷேர் வழியாக ஒரு நாஸ் பெட்டிக்கு, அதாவது நெட்வொர்க்கில் இருக்கும் சேமிப்புப் பெட்டிக்குப் போகும். போன வாரம் வரை தொல்லையே இல்லை. பேக்கப்புக்கென்று தனி லைன் இருக்கட்டும் என்று சர்வரிலும் நாஸிலும் 10 ஜி கார்டு போட்டு, நடுவில் ஒரு மேனேஜ்டு சுவிட்ச் வைத்துக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஆரம்பித்தது.

ஸ்டோரேஜ் பச்சை டிக்கோடு ஆக்டிவ் என்றுதான் காட்டுகிறது. ஷெல்லில் போய் ஷேருக்குள் ஒரு காலி ஃபைல் உருவாக்கினால் உருவாகிறது, அழித்தால் அழிகிறது. ஆனால் 300 ஜிபி டிஸ்க் உள்ள வின்டோஸ் விஎம்மை பேக்கப் எடுத்தால் 1 சதவீதம், 2 சதவீதம் வரை ஓடி அப்படியே நிற்கிறது. கடைசியில் ரைட் எரர், புரோக்கன் பைப் என்று சொல்லி ஜாப் செத்துவிடுகிறது. நாஸ் கெட்டுப்போனதோ என்று லேப்டாப்பை அதே புது சுவிட்சில் செருகி ஒரு பெரிய ஐஎஸ்ஓவை காப்பி செய்தேன், சர்ரென்று போகிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

பச்சைமிளகாய்:
எஸ்எம்பி வெர்ஷன்தான் ப்ரோ. நாஸ் அப்டேட் ஆகியிருந்தால் பழைய வெர்ஷனை மூடியிருப்பார்கள். ஸ்டோரேஜ் செட்டிங்கில் வெர்ஷன் 3 என்று போட்டுப் பாருங்கள்.

திண்ணை_லினக்ஸ்:
வெர்ஷன் ஒத்துப்போகவில்லை என்றால் மவுன்டே ஆகாது தம்பி. எஸ்எம்பி 1 மட்டும் பேசும் கிளையன்ட் அதை மூடிவைத்த சர்வரிடம் போனால் எரர் 112, ஹோஸ்ட் டவுன் என்று வரும். பெட்டி உயிரோடுதான் இருக்கும், மெசேஜைப் பார்த்துப் பலர் கேபிளைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருப்பார்கள். பாஸ்வேர்டோ பர்மிஷனோ தப்பு என்றால் 13. ஃபயர்வால் 445 போர்ட்டை அடைத்திருந்தால் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு டைம் அவுட். இவருக்கு இந்த மூன்றும் இல்லை. பெயர், போர்ட், லாகின், எழுதும் உரிமை எல்லாம் தாண்டி உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

நள்ளிரவு_அட்மின், பேக்கப் நிற்கும் நேரத்தில் கெர்னல் லாகில் சிஃப்ஸ் (லினக்ஸில் எஸ்எம்பிக்கு இருக்கும் பெயர்) என்று தொடங்கும் வரி ஏதாவது வருகிறதா? நாஸில் இடம் எவ்வளவு மிச்சம்? அந்த யூசருக்குக் கோட்டா வைத்திருக்கிறீர்களா? புரோக்கன் பைப் என்பது டிஸ்க் நிரம்பினாலும் வரும்.

நள்ளிரவு_அட்மின்:
இடம் 6 டிபி சும்மா கிடக்கிறது சார், கோட்டா இல்லை. கெர்னல் லாகில் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது: நாஸ் 180 வினாடிகளாகப் பதில் தரவில்லை, மறுபடி இணைக்கிறேன் என்கிறது. அதே நேரத்தில் பிங் போட்டால் ஒரு பாக்கெட் கூட விடுபடாமல் பதில் வருகிறது! இன்னொன்றும் கவனித்தேன். பழைய பேக்கப் ஃபைல்கள் நிறைய இருக்கும் டம்ப் ஃபோல்டரை ஷெல்லில் திறந்தால் சில நேரம் அப்படியே உறைந்துபோகிறது. காலி ஃபோல்டர் உடனே திறக்கிறது.

கேபிள்_கந்தர்:
எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பு. சந்தேகமே வேண்டாம். 10 ஜி கார்டு போட்டவர்கள் ஜம்போ ஃபிரேமும் (வழக்கமான 1500 பைட்டைத் தாண்டும் பெரிய பாக்கெட்) ஆன் பண்ணியிருப்பார்கள். சர்வரில் 9000, நாஸில் 1500 என்று இருக்கும், பாருங்கள்.

திண்ணை_லினக்ஸ்:
கந்தர் அண்ணன் இடத்தைச் சரியாகப் பிடித்தார். ஒரு சின்னத் திருத்தம். ஒரு முனை 9000, மறுமுனை 1500 என்றால், ஒரே சுவிட்சுக்குள் டிசிபி (எஸ்எம்பி டேட்டாவைச் சுமந்து போகும் நெறிமுறை) பெரும்பாலும் தப்பித்துவிடும். கைகுலுக்கும்போதே தன்னால் எவ்வளவு வாங்க முடியும் என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்ளும், அனுப்புகிறவர் எதிராளி சொன்ன அளவைத் தாண்டமாட்டார். இரண்டு முனையும் 9000 ஆக இருந்து, நடுவில் இருக்கும் சுவிட்ச் மட்டும் 1500ல் நின்றால்தான் ஆபத்து. பெரிய ஃபிரேம் வந்ததும் சுவிட்ச் அதைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். ரவுட்டர் என்றால் அளவு பெரிது என்று ஒரு ஐசிஎம்பி (பிங்கும் பிழை அறிவிப்பும் போகும் நெறிமுறை) செய்தியாவது திருப்பி அனுப்பும். லேயர் 2 சுவிட்சுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. லினக்ஸில் டிசிபி எம்டியூ ப்ரோபிங் இயல்பாகவே அணைந்திருக்கும் என்பதால் சர்வரும் தானாக அளவைக் குறைத்துப் பார்க்காது. அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும்.

உங்கள் அறிகுறி ஒவ்வொன்றும் இதோடு பொருந்துகிறது. லேப்டாப் 1500, அதனால் நாஸ் அதோடு சின்னதாகவே பேசியது. மவுன்ட், லாகின், காலி ஃபைல் எல்லாம் சிறிய பாக்கெட். நிறைய ஃபைல் உள்ள ஃபோல்டரின் பட்டியல் பெரிது, அதனால் அது உறைகிறது. பிங் இயல்பாக 56 பைட் டேட்டாதான் அனுப்பும், அது எந்த ஓட்டைக்குள்ளும் நுழையும். எஸ்எம்பி இணைப்போ ஒற்றைப் பாலம் மாதிரி. பெரிய லாரி நடுவில் மாட்டினால் பின்னால் வரும் சைக்கிளும் நிற்கத்தான் வேண்டும். உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கும் சின்னச் செய்திகூடப் போய்ச் சேராததால்தான் அந்த 180 வினாடி வரி.

அந்த 2 சதவீதம் நாஸுக்குப் போனதாக நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அது உங்கள் சர்வரின் ரேமில், பேஜ் கேஷில் உட்கார்ந்திருக்கும்.

சோதிக்க: சர்வர் ஷெல்லில் பிங், அதோடு துண்டாக்காதே என்ற ஆப்ஷன் (ஹைபன், பெரிய எம், பிறகு டி-ஓ என்ற இரண்டு எழுத்து), பாக்கெட் அளவு 8972 (ஹைபன், சின்ன எஸ்). 9000த்தில் ஐபி தலைப்புக்கு 20, ஐசிஎம்பி தலைப்புக்கு 8 கழித்தால் வரும் எண் அது. பிறகு அதையே 1472 வைத்துப் போடுங்கள். மெசேஜ் டூ லாங் என்று உடனே வந்தால் உங்கள் சர்வரே 1500ல் இருக்கிறது என்று அர்த்தம். பதிலே வராமல் போனால் வழியில் யாரோ விழுங்குகிறார்கள்.

நள்ளிரவு_அட்மின்:
1472க்கு உடனே பதில். 8972க்கு ஒன்றுகூட வரவில்லை, நூறு சதவீதம் லாஸ். சர்வர் பிரிட்ஜும் (விஎம்களை நெட்வொர்க் கார்டோடு இணைக்கும் மெய்நிகர் சுவிட்ச்) 9000, நாஸும் 9000. சுவிட்சின் வெப் பக்கத்தில் ஜம்போ ஃபிரேம் டிசேபிள்டு என்று இருக்கிறது. அதை ஆன் பண்ணவா, இல்லை இரண்டையும் 1500க்கு இறக்கவா? பாதியில் நிறுத்திய விஎம் இப்போது லாக்டு, பேக்கப் என்று சொல்லி ஸ்டார்ட்டும் ஆகமாட்டேன் என்கிறது.

கேபிள்_கந்தர்:
என்னைக் கேட்டால் 1500க்கு இறக்கு. பேக்கப் வேகத்தைத் தீர்மானிக்கிறது நாஸின் டிஸ்க்தான். நாலு சுழலும் டிஸ்க்கை வைத்துக்கொண்டு ஜம்போ ஃபிரேமில் என்ன சம்பாதிக்கப் போகிறாய்? நாளைக்கு யாராவது சுவிட்சை ரீசெட் பண்ணினால் மறுபடி இதே கூத்து.

திண்ணை_லினக்ஸ்:
நானும் 1500தான் சொல்வேன். செய்யும் வரிசை முக்கியம். முதலில் டாஸ்க் நிஜமாகவே நின்றுவிட்டதா என்று பாருங்கள். பிறகு ஸ்டோரேஜை டிசேபிள் செய்து ஷேரை அன்மவுன்ட் பண்ணுங்கள், அடம்பிடித்தால் லேசி அன்மவுன்ட். நெட்வொர்க் கோப்பில் பிரிட்ஜ், அதற்குக் கீழே உள்ள கார்டு இரண்டிலும் எம்டியூ வரியை எடுத்துவிட்டு ரீலோட். நாஸிலும் 1500. அதன் பிறகு ஸ்டோரேஜை எனேபிள் செய்தால் புது இணைப்பு புது அளவோடு எழும்பும். விஎம்முக்கு க்யூஎம் அன்லாக், பக்கத்தில் விஎம் எண். பேக்கப் உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கும்போது அன்லாக் போட்டுவிடாதீர்கள். டம்ப் ஃபோல்டரில் டி-ஏ-டி என்று முடியும் அரைகுறை ஃபைல்கள் கிடந்தால் அழித்துவிடலாம்.

நள்ளிரவு_அட்மின்:
ஓடிவிட்டது! நான்கு விஎம்மும் டாஸ்க் ஓகே. ரொம்ப நன்றி சார், கந்தர் அண்ணனுக்கும். இன்னொரு சந்தேகம். பேக்கப் மாட்டி நின்ற நேரத்தில் அந்த வின்டோஸ் விஎம்மே உறைந்துபோய், டேலியில் இருந்தவர்கள் எல்லாம் போன் போட்டுவிட்டார்கள். நாஸ் மாட்டினால் விஎம் ஏன் நிற்க வேண்டும்?

திண்ணை_லினக்ஸ்:
நல்ல கேள்வி. ஸ்னாப்ஷாட் மோட் என்றதும் டிஸ்க்கைத் தனியாகப் படம்பிடித்து வைத்துக்கொள்கிறது என்று நினைக்கத் தோன்றும். விஎம்மை ஓட்டும் மென்பொருளான க்யூஎமு அப்படிச் செய்வதில்லை. பேக்கப் ஓடும்போது, இன்னும் காப்பி ஆகாத ஒரு பிளாக்கில் விஎம் எழுத வந்தால், அங்கே இருந்த பழைய டேட்டா முதலில் பேக்கப்புக்குப் போக வேண்டும். அதுவரை விஎம்மின் எழுத்து காத்திருக்கும். அதனால் நாஸ் மந்தமானால் விஎம்மும் மந்தம், நாஸ் நின்றால் விஎம்மும் நின்றமாதிரிதான். 2024ல் வந்த 8.2 முதல் ஃப்ளீசிங் என்று ஒரு வசதி இருக்கிறது. அந்தப் பழைய பிளாக்கை உள்ளூர் எஸ்எஸ்டியில் ஒதுக்கி வைத்துவிட்டு விஎம்மை விட்டுவிடும். பேக்கப் ஜாபின் அட்வான்ஸ்டு பகுதியில் ஆன் செய்யலாம், உள்ளூரில் அதற்கு இடம் வேண்டும். டேலி ஓடும் விஎம்முக்குக் கட்டாயம் போடுங்கள்.

பச்சைமிளகாய்:
இதுக்குத்தான் நான் என்எஃப்எஸ் (ஃபைல் பகிர இன்னொரு முறை) வைத்திருக்கிறேன். எஸ்எம்பி தொல்லையே வேண்டாம்.

திண்ணை_லினக்ஸ்:
இந்தக் கோளாறில் என்எஃப்எஸ்ஸும் இதே இடத்தில்தான் விழுந்திருக்கும் தம்பி. எஸ்எம்பி மவுன்ட் லினக்ஸில் இயல்பாக சாஃப்ட், அதனால் ஒரு கட்டத்தில் எரர் கொடுத்துக் கைவிடும். என்எஃப்எஸ் இயல்பாக ஹார்டு, சர்வர் திரும்பி வரும்வரை காத்துக்கொண்டே இருக்கும். பிராசஸ் டி நிலையில் (டிஸ்க் பதிலுக்காகக் காத்திருக்கும் நிலை) போய் உட்கார்ந்து லோடு ஏறிக்கொண்டே போகும். அதற்காக சாஃப்ட் ஆக்கினால் பாதி எழுதிய ஃபைலோடு எரர் வாங்கும் வாய்ப்பு இருக்கிறது. எனக்கு ஹார்டுதான் பிடிக்கும். நாஸ் பக்கம் ரூட் ஸ்குவாஷ் (ரூட் யூசரைச் சாதாரண யூசராக இறக்கிவிடுவது) போட்டிருந்தால் என்எஃப்எஸ்ஸின் 2049 போர்ட் திறந்திருந்தும் பர்மிஷன் டினைடு வரும், அதையும் பார்த்து வைத்துக்கொள்.

கேபிள்_கந்தர்:
நள்ளிரவு, ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. பழைய பேக்கப்பை அது அழிப்பது புதுசு நல்லபடியாக முடிந்த பிறகுதான். மூன்று வைத்திரு என்று சொன்னால் நாலுக்கு இடம் வேண்டும். 6 டிபி இருக்கும்வரை தெரியாது, நிரம்பும்போது இதே புரோக்கன் பைப்போடு திரும்பி வருவாய்.

நள்ளிரவு_அட்மின்:
இப்போது விஎம்முக்கு ஏழு வைத்திருக்கிறேன் அண்ணா. நாலாகக் குறைக்கிறேன். ஃப்ளீசிங்குக்கு லோக்கல் எல்விஎம் தின்னில் 200 ஜிபி மிச்சம் இருக்கிறது, 300 ஜிபி டிஸ்க்குக்கு அது போதுமா?

திண்ணை_லினக்ஸ்:
தாராளம். பேக்கப் ஓடும் நேரத்தில் மாறும் பிளாக்குகள் மட்டும்தான் அங்கே வரும், தின் ஸ்டோரேஜ் என்பதால் எழுதிய அளவுக்குத்தான் இடம் பிடிக்கும். முதல் நாள் பேக்கப் ஓடும்போது தின் பூலின் சதவீதத்தை மட்டும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். அது நிரம்பினால் அதே பூலில் இருக்கும் மற்ற விஎம்களும் அடிவாங்கும்.