தாத்தா எப்போது வருவார் என்று கேட்கும் பிள்ளைக்கு

மீனா: அக்கா, அப்பா காலமானதிலிருந்து சின்னவன் இரவில் தூங்க மறுக்கிறான். நான் கண்ணை மூடினால் என் இமையை விரலால் விலக்கிப் பார்க்கிறான். தாத்தா எப்போது வருவார் என்று வேறு கேட்கிறான்.

பெரிய அண்ணன்: ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? தாத்தா தூங்குகிறார் என்றுதான் அன்று சொன்னோம். அப்படியே இருக்கட்டும் அம்மா, மறந்துவிடுவான்.

சுதா அக்கா: அண்ணா, அவன் பயமே அதில்தான் இருக்கிறது. தூங்கப்போன தாத்தா எழுந்திருக்கவில்லை என்றால், அம்மாவும் எழுந்திருக்கமாட்டாளோ என்றுதான் அந்த வயதுப் பிள்ளை எண்ணும். மீனா, "தாத்தா இறந்துவிட்டார், அவர் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி மூச்சு விடமாட்டார், அவருக்கு வலிக்காது, அவர் திரும்பி வரமாட்டார்" என்று மடியில் வைத்துக்கொண்டு நேராகச் சொல். தான் கோபப்பட்டதாலோ சொல்பேச்சுக் கேட்காததாலோதான் இப்படி ஆயிற்று என்று சிறுபிள்ளைகள் தங்களையே குற்றம் சொல்லிக்கொள்வது உண்டு; ஆகவே, அவன் கேட்காவிட்டாலும், "இது உன்னால் நடந்ததில்லை" என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு. அதே கேள்வியை மறுபடியும் கேட்பான். அதே பதிலைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

பெரிய அண்ணன்: அழுத கையோடு விளையாடப் போய்விடுகிறானே?

சுதா அக்கா: பிள்ளைகளால் துக்கத்தை நெடுநேரம் சுமக்க முடியாது அண்ணா. சற்று அழுது, சற்று விளையாடி, மீண்டும் அழுவார்கள். வயிற்றுவலி, படுக்கையை நனைப்பது எல்லாம் கொஞ்ச நாள் வரலாம், திட்டக் கூடாது.

மீனா: பெரியவள் அழவே இல்லை, அறையை விட்டு வெளியே வருவதும் இல்லை. தம்பிக்கு நீதான் தைரியம் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் அவளிடம் சொல்கிறார்கள்.

சுதா அக்கா: தயவுசெய்து அதை யாரும் சொல்லாதீர்கள். பதினான்கு வயதில் அவளுக்கே தாங்க ஆள் வேண்டும். பேசச் சொல்லி வற்புறுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்திரு. உனக்கு அழுகை வந்தால் அவள் எதிரிலேயே அழு. துக்கம் தணியாமல் அன்றாட வாழ்க்கையையே முடக்குவதை நீண்டகாலத் துயர நோய் என்பார்கள்; அதற்கு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022-இல் வெளியிட்ட வரையறையில், பெரியவர்களுக்கு 12 மாதம் என்றும் பிள்ளைகளுக்கு 6 மாதம் என்றும் இறப்புக்குப் பிறகு கழிந்திருக்க வேண்டிய குறைந்தபட்சக் காலம் உள்ளது. ஆனால் சாப்பாடும் தூக்கமும் அடியோடு குலைந்தாலோ, தாத்தாவிடமே போய்விட வேண்டும் என்று பேசினாலோ, மாதக்கணக்குப் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

பெரிய அண்ணன்: சரி அம்மா. தூங்குகிறார் என்ற பேச்சை இனி யாரும் எடுக்க வேண்டாம். இருவருடைய வகுப்பாசிரியர்களிடமும் நாளை நானே பேசிவிடுகிறேன்.