பீடோங் சாலையோர ஒட்டுக்கடைகள்: அங்கேயே இருக்கட்டுமா, உள்ளே போகட்டுமா?

செம்பனைக்காடு:
மலேசியாவுல நம்ம பீடோங்ல சாயங்காலம் பழைய பெருஞ்சாலை ஓரமா நாற்காலி போட்டு உட்கார்ந்தா முதுகை உரசிக்கிட்டு லாரி போகுது. வாளித் தண்ணியில தட்டு கழுவி, அதைக் கால்வாயிலேயே ஊத்துறாங்க. குழாயும் கூரையும் உள்ள மேடான் செலேரா உணவு மண்டபத்துக்குள்ள இந்தக் கடைகள் போயே ஆகணும். 2018-ல் பாலிங்ல லக்சா நூடுல்ஸ் சாப்பிட்டு ரெண்டு பேர் இறந்தாங்க. நம்ம கெடா மாநிலத்துலதான். அதுக்குள்ள மறந்துட்டோமா?

லயத்துப்பிள்ளை:
அண்ணே, மறக்கல. ஆனா சாப்பாடு கெட்டுப்போறதுக்குக் கூரை இல்லாததா காரணம்? சால்மொனெல்லா கிருமி நாலு சுவருக்குள்ளயும் வளரும். ஒட்டுக்கடையில வடை எண்ணெயிலேர்ந்து நேரா தட்டுக்கு வருது. ரொட்டி சானாய் நம்ம கண் முன்னால கல்லுல வேகுது. குளிரூட்டின கடையில உள்ளே என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்?

கடை போட்டிருக்கிறது யாருன்னு பாருங்க. கித்தா (ரப்பர்) மரத்தைச் சாய்ச்சுச் செம்பனை நட்டப்போ, தோட்டம் கைமாறினப்போ, லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) விட்டு வெளியேறின குடும்பங்கள்தான் பாதிப்பேர். நிலம் இல்லை, வீடு இல்லை, கையில சமையல் இருந்துச்சு. அந்த அக்காமாரை மாச வாடகைக்குள்ள தள்ளினா மழை நாளுக்கும் சேர்த்துக் கட்டணும். வேலை முடிஞ்சு மோட்டார்ல வீட்டுக்குப் போறவங்க ரோட்டோரமா நிறுத்தி நாலு தோசை பொட்டலம் வாங்குவாங்க. மண்டபத்துக்குள்ள தேடி வரமாட்டாங்க.

செம்பனைக்காடு:
தம்பி, சூடா வர்றதைப் பத்தி எனக்குப் பேச்சே இல்லை. மத்தியானம் அரைச்ச தேங்காய்ச் சட்னி, சம்பால், தேங்காய்ப்பால் ஊத்தின கறி, இதெல்லாம் ராத்திரி பத்து மணி வரைக்கும் மேசையிலதானே இருக்கு? 5 டிகிரியிலேர்ந்து 60 டிகிரி வரைக்கும் கிருமி நல்லாப் பெருகும். நம்ம ஊர்ச் சாயங்கால வெக்கை அதுக்குள்ளதான் வருது. காசு வாங்கின கையாலேயே வெங்காயம் அள்ளிப் போடுறாங்க, கழுவத் தண்ணி எங்க?

கிளினிக் அக்கா:
2009 உணவுச் சுகாதார விதிகள் ஒட்டுக்கடைக்கும் உண்டு. சமைக்கிறவங்க பயிற்சிக்குப் போகணும், டைபாய்டு ஊசி போடணும். அந்த ஊசிக்கு மூணு வருஷம்தான் பலன், நிறையப் பேர் திரும்பப் போட வர்றதில்லை. எலி மூத்திரத்தால கென்சிங் திக்குஸ் காய்ச்சல் வரும், அதனால தகர டின்னைத் துடைக்காம வாய் வைக்காதீங்க. வேலைக்குக் கிளம்புறேன்.

லயத்துப்பிள்ளை:
அக்கா சொன்னதுதான் என் கட்சிக்கும் பலம். 2019 ஜனவரி 1-லேர்ந்து சாப்பாட்டுக் கடையில புகை பிடிக்கக்கூடாது, திறந்தவெளிக் கடையிலயும்தான். சட்டம் போடுறப்போ ஒட்டுக்கடையும் கடைதானே? அப்ப குழாயும் கழிவுநீர்த் தொட்டியும் மட்டும் ஏன் கிடையாது? வரிசையா ரெண்டு குழாய் போட்டுக் கொடுத்தாலே நீங்க சொன்ன கையும் தட்டும் சுத்தமாயிடும்.

செம்பனைக்காடு:
குழாய் லாரியை நிறுத்துமா? மேசைக்கும் ரோட்டுக்கும் நடுவுல பிள்ளைங்க ஓடுதுங்க. எனக்கு வயித்தைக் கலக்குறது அதுதான்.

லயத்துப்பிள்ளை:
அடுப்பு முன்னால இருக்கட்டும், மேசையைக் கடைக்குப் பின்னால போடச் சொல்லுவோம்.

செம்பனைக்காடு:
பின்னால மூடாத கால்வாய், தம்பி. அதை மூடித் தரச் சொல்லி மனு எழுது, நானும் கையெழுத்துப் போடுறேன். வாடகை குறைஞ்ச மேடான் செலேரா வேணும்னும் அதுல ஒரு வரி இருக்கணும்.

லயத்துப்பிள்ளை:
அந்த வரி இருந்தா நான் எழுதமாட்டேன், அண்ணே.