எழில் மொழியில் கேரம் ஸ்கோர்: 22-க்குப் பக்கத்தில் வந்தால் கணக்கு உதைக்கிறது

தண்டையார்பேட்டை_ஸ்ட்ரைக்கர்:

எங்கள் தெரு கேரம் கிளப்பில் ஸ்கோர் எழுதுவது என் வேலை. ஆட்டத்தில் வராத சண்டை எல்லாம் ஸ்கோரில்தான் வரும். எட்டாவது படிக்கிற பையன் ஒருத்தனை உட்காரவைத்து, தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுதுகிற எழில் மொழியில் ஸ்கோர் போட ஒரு நிரல் எழுதினோம். இங்கிலீஷில் 'இஃப்' என்று பார்த்தாலே எழுந்து ஓடிவிடுவான், அதனால்தான் எழில்.

கேரம் விதி தெரியாதவர்களுக்கு: ஒரு போர்டை, அதாவது ஒரு சுற்றை, ஜெயித்தவருக்கு, எதிராளி காய் எத்தனை மிச்சமோ அத்தனை புள்ளி. சிவப்புக் காயான 'ரெட்'டைப் போட்டு, ஃபாலோவாகத் தன் காய் ஒன்றையும் போட்டு முடித்தவர் அவரே என்றால் கூடவே 3. ஏற்கெனவே 22-ஐத் தொட்டுவிட்டவருக்கு அந்த 3 கிடையாது. 25 வந்தால் கேம்.

```
புள்ளி = புள்ளி + காய்
@( ரெட் == 1 ) ஆனால்
  @( புள்ளி < 22 ) ஆனால்
    புள்ளி = புள்ளி + 3
  முடி
முடி
@( புள்ளி >= 22 ) ஆனால்
  பதிப்பி "இனி ரெட் செல்லாது"
@( புள்ளி >= 25 ) இல்லைஆனால்
  பதிப்பி "கேம்"
முடி
```

19-ல் இருந்த பையன் ரெட்டோடு ஜெயித்தான், எதிராளி காய் 5 மிச்சம். 27 வரணும். இது 24 என்று காட்டுகிறது. இன்னொருத்தனுக்கு 26 வந்தும் 'கேம்' என்று சொல்லவில்லை, 'இனி ரெட் செல்லாது' என்கிறது. எர்ரராவது வந்தால் தேடலாம், அதுவும் வரவில்லை. பசங்க என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை.

முடி_எங்கே:

முதலில் 'முடி'யை எண்ணிப் பார்த்தேன். மூன்று 'ஆனால்', மூன்று 'முடி', சரியாக இருக்கிறது. பைத்தானில் வரி எவ்வளவு உள்ளே தள்ளியிருக்கிறது என்பதை வைத்தே பகுதி முடிவதைக் கண்டுபிடிப்பார்கள், எழிலில் 'முடி' போட்டாகணும். எனக்கு எப்போதும் அங்கேதான் அடி விழும். உங்களுக்கு அது இல்லை. கேரம் விதியை யாராவது தெரிந்தவர்கள் பார்க்கட்டும்.

எர்ணாவூர்_அக்கா:

தம்பி, இரண்டு இடத்திலும் வரிசைதான் பிரச்சினை.

22 விதி, இந்த போர்டுக்கு முன்னால் அவனிடம் இருந்த புள்ளிக்கு. நீங்கள் முதல் வரியிலேயே காயைக் கூட்டிவிட்டு அப்புறம் கேட்கிறீர்கள். 19 அதற்குள் 24 ஆகிவிட்டது. 24, 22-க்குக் கீழே இல்லை, ரெட் போச்சு. அந்த முதல் வரியை எடுத்து ரெட் கணக்குக்குக் கீழே போடுங்கள். 19-ஐப் பார்த்து 3 சேர்க்கும், 22 ஆகும், பிறகு 5 சேர்ந்து 27.

இரண்டாவது: 'இல்லைஆனால்' சங்கிலியில் மேலிருந்து எது முதலில் பொருந்துகிறதோ அது மட்டும்தான் நடக்கும், மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. 26 என்பது 22-க்கும் மேல்தானே? அங்கேயே நின்றுவிடுகிறது. நீங்கள் எழுதியபடி 'கேம்' எந்தக் காலத்திலும் வராது. 25-ஐ மேலே ஏற்றி, 22-ஐக் கீழே இறக்குங்கள்.

பையனிடம் 21, 22, 24, 25 என்று புள்ளியை மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தப்பு ஒளிந்திருப்பது எல்லைக்கோட்டில்தான். நடுவில் 10-ஐயும் 15-ஐயும் போட்டுப் பார்த்துத் திருப்திப்படுவதில் அர்த்தமில்லை.

தண்டையார்பேட்டை_ஸ்ட்ரைக்கர்:

அக்கா, 27 வந்துவிட்டது, கேம் என்றும் சொல்கிறது. பையன் இப்போது 8 போர்டு விதியையும் சேர்க்கணும் என்கிறான். யாரும் 25 எடுக்காமல் 8 போர்டு முடிந்தால் அதிகம் உள்ளவர் ஜெயித்தவர், சமம் என்றால் இன்னொரு போர்டு. அவன் கீழே கடைசியில் `@( போர்டு == 8 ) இல்லைஆனால்` போட்டிருக்கிறான். சில கேமில் வேலை செய்கிறது, சில கேமில் இல்லை.

எர்ணாவூர்_அக்கா:

கடைசியில் போட்டால் 23-ல் இருப்பவனை 22 வரி பிடித்துக்கொள்ளும். நடுவில் வைக்கச் சொல்லுங்கள், இதில் 'எதிரி' என்பது எதிராளியின் புள்ளி:

```
@( புள்ளி >= 25 ) ஆனால்
  பதிப்பி "கேம்"
@( போர்டு >= 8 ) இல்லைஆனால்
  @( புள்ளி == எதிரி ) ஆனால்
    பதிப்பி "இன்னொரு போர்டு"
  இல்லை
    பதிப்பி "அதிகம் உள்ளவர் ஜெயித்தார்"
  முடி
@( புள்ளி >= 22 ) இல்லைஆனால்
  பதிப்பி "இனி ரெட் செல்லாது"
முடி
```

`== 8` வேண்டாம், `>= 8` போடுங்கள். சமமாகி ஒன்பதாவது போர்டு ஆடினால் `==` வாயே திறக்காது.

முடி_எங்கே:

ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் காயைத் திரும்ப வைக்கிற கணக்கு இதில் எங்கே வரும்?

தண்டையார்பேட்டை_ஸ்ட்ரைக்கர்:

அது போர்டிலேயே தீர்ந்துவிடும், மிச்சம் இருக்கிற காயை எண்ணிப் போட்டால் போதும். ஸ்கோர் நிரலுக்குள் அது வரத் தேவையில்லை.