'பிலிட்டில்' என்னும் ஆங்கில வினைச்சொல்: காபிச் செடிக்கும் பொருந்துமா?

கேள்வி: ஏற்காட்டு ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் ஏற்காட்டில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். என் மாணவர்களில் பலர் காபித் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள். சென்ற வாரம் புதிய சொற்களை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னபோது, தன் அப்பா காபிச் செடிகளைக் கவாத்து செய்து குட்டையாக்கினார் என்பதை ஒரு மாணவி 'பிலிட்டில்' (belittle) என்ற வினையால் எழுதியிருந்தாள். தவறு என்று சிவப்பு மையால் அடித்துவிட்டேன். "உள்ளே 'லிட்டில்' இருக்கிறதே டீச்சர், சிறியதாக்குவது என்றுதானே பொருள்?" என்று அவள் கேட்டாள். அகராதியில் அப்படி இல்லை என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அது இன்னும் மனத்தை உறுத்துகிறது. என்னிடமுள்ள அகராதி 'இழிவுபடுத்து, சிறுமைப்படுத்து, குறைத்து மதிப்பிடு' ஆகிய மூன்றையும் ஒரே வரியில் தருகிறது. எது சரியாகப் பொருந்தும்? இதற்கு நெருங்கிய பொருளுள்ள டிஸ்பேரிஜ் (disparage), டெனிக்ரேட் (denigrate), டெப்ரிகேட் (deprecate) ஆகிய ஆங்கில வினைகளை ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக எழுதலாமா?

பதில் 1: அஸ்தம்பட்டி மொழிபெயர்ப்பாளர்

அம்மா, அந்தச் சிறுமி தவறான இடத்திலிருந்து தொடங்கவில்லை. இச்சொல் முதன்முதலில் கிடைப்பது, பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெஃபர்சன் வர்ஜீனியாவைப் பற்றி எழுதி 1785இல் பாரிசில் அச்சிட்ட நூலில்தான். அமெரிக்க மண்ணில் விலங்குகள் ஐரோப்பாவில் உள்ளவற்றைவிடச் சிறுத்துப்போகின்றன என்று பிரெஞ்சு இயற்கை அறிஞர் புஃபோன் எழுதியிருந்தார். ஜெஃபர்சன் இரு கண்டத்து விலங்குகளின் எடைகளையும் அட்டவணையிட்டு அதை மறுத்தார். இயற்கை தன் படைப்புகளைச் சிறிதாக்குகிறது என்னும் அந்தக் கொள்கையைக் குறிப்பிடும்போதுதான் இவ்வினையைக் கையாண்டார். ஆக, அங்கே அது உடலளவைச் சிறிதாக்குவதையே குறித்தது. 1787இல் லண்டன் இதழொன்று இந்தப் புதுச்சொல்லைப் பழித்து எழுதியது. சொல் நிலைத்துவிட்டது; அந்தப் பழைய பொருள்தான் வழக்கொழிந்தது. இன்று ஒருவருடைய உழைப்பு, திறமை, துன்பம், வெற்றி ஆகியவற்றின் மதிப்பைச் சொல்லாலோ நடத்தையாலோ சிறிதாக்குவதையே அது குறிக்கிறது. எனவே செடிக்கு இன்று பொருந்தாது.

மூன்று தமிழ்ச் சொற்களில் 'சிறுமைப்படுத்து' என்பதே மிக நெருக்கமானது. ஆங்கிலச் சொல்லைப் போலவே அதற்குள்ளும் சிறுமை இருக்கிறது. பேச்சில் 'மட்டம் தட்டு' என்பது இன்னும் உயிரோட்டமானது. 'குறைத்து மதிப்பிடு' என்பதை நான் நீக்கிவிடுவேன். ஒருவரைக் குறைத்து மதிப்பிடுவது நம் கணிப்பில் நேரும் பிழை. வாய் திறக்காமல், தீய எண்ணம் சிறிதும் இல்லாமல்கூட அது நிகழலாம். சிறுமைப்படுத்துவதோ எதிரில் இருப்பவர் மீது செய்யப்படும் செயல். அகராதிகள் இவ்விரண்டையும் ஒரே வரியில் அடுக்குவது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

பதில் 2: செவ்வாய்ப்பேட்டை வாசகர்

இந்த வினைகள் ஒவ்வொன்றும் எதைத் தாக்குகிறது என்று பார்த்தால் வேறுபாடு விளங்கும். டிஸ்பேரிஜ் என்பது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. தகுதியில் தாழ்ந்தவருக்கு மணம் முடித்து வைப்பது அதன் முதற்பொருள். 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா என்னும் இங்கிலாந்து உரிமைப் பட்டயத்தில், நிலவுடைமை வாரிசுகளுக்கு அப்படிப்பட்ட திருமணம் செய்து வைக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. இன்று அது ஒருவரையோ ஒன்றையோ தரக்குறைவாகப் பேசுவதைக் குறிக்கிறது. பெரும்பாலும் மூன்றாம் மனிதரிடம் பேசுவதாக இருக்கும். டெனிக்ரேட் என்பதற்கு லத்தீனில் கருப்பாக்குதல் என்று பொருள். 'பெயரில் கரி பூசுதல்' என்ற நம் வழக்கு அதற்கு அப்படியே பொருந்துகிறது. உங்கள் அகராதியின் 'இழிவுபடுத்து' இங்கேதான் சேர வேண்டும். வெள்ளி வணிகத்தின் நடுவே வாழ்பவன் என்பதால் இன்னொன்றையும் சேர்க்கிறேன்: டிப்ரிஷியேட் (depreciate) என்பதற்குள் விலை என்னும் லத்தீன் சொல் இருக்கிறது, அது மதிப்பிறக்கம்.

தமிழில் ஒருவரைச் சிறுமைப்படுத்த வசைச்சொல்லே தேவையில்லை என்பதையும் மாணவர்களுக்குக் காட்டுங்கள். 'கொலுசுப் பட்டறை வேலைதானே', 'இதெல்லாம் ஒரு படிப்பா' என்னும்போது 'தானே' என்ற இடைச்சொல்லும் 'ஒரு' என்ற எண்ணுமே முழு வேலையையும் செய்துவிடுகின்றன. எங்கள் தெருப் பிள்ளைகள் இதைக் கேட்டுக் கேட்டே வளர்கிறார்கள். அகராதி விளக்கத்தைவிட இது அவர்களுக்கு விரைவில் புரியும்.

பதில் 3: அஸ்தம்பட்டி மொழிபெயர்ப்பாளர்

டெப்ரிகேட் விடுபட்டுவிட்டது. ஒன்று நேராதிருக்க வேண்டிக்கொள்வது என்பதே அதன் லத்தீன் மூலம். ஏற்காமையைத் தெரிவிப்பது அதன் நேர்ப்பொருள். டிப்ரிஷியேட்டுடன் கலந்து மதிப்பைக் குறைப்பது என்ற பொருளையும் பெற்றது. செல்ஃப்-டெப்ரிகேட்டிங் என்று ஒருவரைச் சொன்னால் பெரும்பாலும் அவருடைய பணிவைப் பாராட்டுகிறோம். 'உன்னை நீயே பிலிட்டில் செய்துகொள்ளாதே' என்பதோ, தன் மதிப்பைத் தானே மறந்தவரிடம் சொல்லும் அறிவுரை. இவ்விரண்டையும் இடம் மாற்றி எழுத முடியாது.

ஏற்காட்டு ஆசிரியை

இருவருக்கும் மிக்க நன்றி ஐயா. திங்கட்கிழமை அந்த நோட்டைத் திரும்ப வாங்கி, சிவப்புக் கோட்டின் பக்கத்தில் ஜெஃபர்சனின் பெயரையும் 1785 என்ற ஆண்டையும் எழுதித் தரப்போகிறேன். பிறகு அவளுடைய அப்பாவையே எழுவாயாக வைத்து, 'அவருடைய வேலையை யாரும் சிறுமைப்படுத்தக் கூடாது' என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், செயப்பாட்டு வினையையும் சேர்த்துக் கற்பித்துவிடலாம்.

பதில் 2 எழுதிய செவ்வாய்ப்பேட்டை வாசகர்

ஒரு சிறு திருத்தம் அம்மா. செயப்பாட்டில் எழுதினால் எழுவாயாக வருவது அப்பா அல்லர், அவருடைய வேலை. அதுவும் நல்லதுதான், இந்த வினை மனிதரை மட்டுமல்லாமல் அவர் செய்யும் செயலையும் செயப்படுபொருளாக ஏற்கும் என்பதை அவள் அதிலேயே கற்றுக்கொள்வாள்.