பிலிப்பைன்ஸ்ல பாட்டு கட்டுனவங்க எதை வெச்சு பொழைச்சாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க

பாலக்கோடு_கூத்துவீடு:
எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சி டவாவோல எம்பிபிஎஸ் படிக்குது. ஆகஸ்ட் மாசம் அங்க மொழி மாசம் கொண்டாடுவாங்களாம், காலேஜ்ல எடுத்த வீடியோ ஒன்னு அனுப்பிச்சு, ரெண்டு பேரு எதிரெதிர நின்னு பாட்டாலயே சண்டை போடுறாங்க, நடுவர் ஒருத்தர் இருக்கார், அவரும் பாட்டுலதான் தீர்ப்பு சொல்றார். எங்க அப்பா 40 வருஷமா பாரதக்கூத்து ஆடுறவர், போனை வாங்கி நாலு தடவை பாத்துட்டு "இது நம்ம லாவணிடா, எரிந்த கட்சி எரியாத கட்சி"ன்னுட்டார், மன்மதன் எரிஞ்சானா இல்லையான்னு ரெண்டு கட்சியா பாட்டுல வாதாடுவாங்களே, அது. இப்ப அவருக்கு ஒரே கேள்வி, அந்த நாட்டுல பாட்டு கட்டுனவங்க, நாடகம் எழுதுனவங்க வாழ்க்கை எப்படி இருந்துச்சுன்னு. நெட்ல எல்லாம் இங்கிலீஷா இருக்கு, அப்பாவுக்கு தமிழ்ல படிச்சு காட்டணும்.

டவாவோ_ரிட்டர்ன்_கேஜி:
தம்பி நான் கிருஷ்ணகிரி, அங்க அஞ்சரை வருஷம் இருந்தேன். நீங்க பாத்தது பலக்தாசான். பிரான்சிஸ்கோ பலக்தாஸ்ங்கற கவிஞர் பேர்ல வந்தது, அவர் பொறந்தது 1788, புலக்கான் மாகாணத்துல ஏழை வீடு, படிக்கறதுக்காக மணிலா தோண்டோல ஒரு வீட்டுல வேலைக்கு நின்னவர். அப்ப அங்க ஹோசே தெ லா க்ரூஸ்னு பெரிய புலவர், கவிதை திருத்தி குடுக்க கோழிக்குஞ்சு கூலியா வாங்குவாராம், அதனால ஜனங்க வெச்ச பேரே குஞ்சு ஹோசே. குஞ்சு கொண்டு வரலைன்னு பலக்தாஸ் கவிதையையே திருத்தாம அனுப்பிட்டார்னு சொல்லுவாங்க. அப்புறம் ஒரு பொண்ணு மேல ஆசைப்பட்டார், போட்டிக்கு இருந்தவன் பணக்காரன், இவரை ஜெயில்ல போட வெச்சிட்டான். அந்த ஜெயில்லதான் 'புளோரந்தே அத் லவுரா'ங்கற பெரிய கதைப்பாட்டை எழுதுனார்னு சொல்றாங்க, 1838ல வந்துச்சு. கதை நடக்கறது அல்பேனியா நாட்டுல, ஆனா அழுகை எல்லாம் ஸ்பெயின்காரன்கிட்ட மாட்டுன தன் ஜனத்தோட அழுகை. ராஜா சண்டை நாடகமும் நிறைய எழுதுனார், நம்ம கூத்து மாதிரிதான் கிரீடம் கத்தி எல்லாம் வரும். வயசான காலத்துல ஒரு வேலைக்காரப் பொண்ணு முடியை வெட்டுனார்னு கேஸ் போட்டு மறுபடி ஜெயில், இருந்த சொத்தும் போச்சு. 1862ல சாகும்போது, பிள்ளைங்க யாராவது பாட்டு எழுத வந்தா விரலை வெட்டிடுன்னு பொண்டாட்டிகிட்ட சொன்னதா ஒரு பேச்சு உண்டு. இன்னைக்கு அவர் ஊருக்கே அவர் பேரு.

பாப்பாரப்பட்டி_நூலகம்:
நாடகக்காரங்கள்ல அவுரேலியோ தோலென்டினோவை விடக்கூடாதுங்க. ஸ்பெயின்காரன் போய் அமெரிக்காக்காரன் வந்த நேரம், விடுதலைன்னு பேசுனாலே ராஜதுரோகம். 1903ல 'நேத்து, இன்னைக்கு, நாளைக்கு'ன்னு நாடகம் போட்டார், புடிச்சு உள்ள தள்ளிட்டாங்க. அந்த காலத்து நாடகங்கள்ல நடிகர்ங்க ஆளுக்கு ஒரு கலர் துணி கட்டி வந்து வரிசையா நிப்பாங்களாம், சேத்து பாத்தா அவங்க நாட்டுக் கொடி! எங்க ஊர்க்காரனுக்கு இதைப் படிச்சா சுப்ரமணிய சிவாதான் கண்ணு முன்னாடி வருவார், பேசுனதுக்காக ஜெயிலுக்குப் போயி, நோயோட வெளிய வந்து, 1925ல பாப்பாரப்பட்டியிலயே கண்ணை மூடுனவர்.

ஊத்தங்கரை_டீச்சர்:
பலக்தாசானுக்கு உயிர் குடுத்தது ஹோசே கொராசோன் தெ ஹெசூஸ். 1924 ஏப்ரல் 6, மணிலால முதல் மேடை. அடுத்த வருஷமே ஸ்டேடியத்துல கூட்டம் கூடி இவரை ராஜான்னு ஏத்துக்கிச்சு. அப்பா கேட்ட கேள்விக்கு இவர்தான் சரியான பதில், பேப்பர்ல தினமும் செய்தியை கவிதையா எழுதி அந்த சம்பளத்துல வாழ்ந்தார். ஸ்கூல் பிள்ளைங்க ஸ்ட்ரைக்குக்கு ஆதரவா எழுதுனதுல அந்த வேலையும் போச்சு, 1932ல வயித்துப்புண்ல இறந்துட்டார், நாப்பது வயசு கூட ஆகல. இவர் எழுதுன 'பாயன் கோ' (என் நாடு) பாட்டைத்தான் 1986ல சர்வாதிகாரி மார்கோஸை எதிர்த்து ஜனங்க தெருவுல பாடுனாங்க.

இன்னொருத்தர் அமாதோ ஹெர்னாண்டஸ், கவிஞர், நாடகமும் எழுதுனார், தொழிற்சங்கத் தலைவர். 1951ல புடிச்சு அஞ்சு வருஷத்துக்கு மேல உள்ள வெச்சாங்க, குத்தமில்லைன்னு தீர்ப்பு வந்தது 1964ல. ஜெயில் ஜன்னல்ல தெரிஞ்ச வானத்தைப் பத்தி எழுதுன கவிதைக்கு 'ஒரு மாரு வானம்'னு பேரு. கிணத்துக் கயிறை ரெண்டு கையும் விரிச்சு மாரு கணக்குல அளப்போமே, அவங்க மொழியிலயும் அதே அளவுக்கு சொல் இருக்கு, அதைத்தான் வெச்சிருக்கார். எனக்கு அந்த தலைப்பே போதும்.

பாலக்கோடு_கூத்துவீடு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, முழுசா படிச்சு காட்டிட்டேன். விரலை வெட்ட சொன்ன இடத்தை அப்பா மறுபடி படிக்க சொன்னார், என்னையும் அவர் கடைசி வரைக்கும் அரிதாரம் பூச விடல. ஒன்னே ஒன்னு கேக்க சொல்றார், அவங்க பாட்டு எந்த கணக்குல வரும்?

டவாவோ_ரிட்டர்ன்_கேஜி:
நாலு வரி ஒரு பாட்டு. வரிக்கு 12 அசை, ஆறாவதுல ஒரு நிறுத்தம். நாலு வரியும் ஒரே ஓசையில முடியணும்.

பாலக்கோடு_கூத்துவீடு:
சொல்லிட்டேன்ணா. திண்ணையில உக்காந்து விரல் விட்டு எண்ணிக்கிட்டு இருக்கார்.